புது வீட்டுக்குச் சாமான்: மலிவு ஆப்களில் எதை வாங்கலாம், எதை விடலாம்

தம்பி, உங்கள் கேள்வி இதுதானே? மாதக் கடைசியில் மனைவியும் ஒன்றரை வயது மகளும் ஊரிலிருந்து வருகிறார்கள். சிங்கப்பூரின் செங்காங்கில் எடுத்திருக்கும் வாடகை வீட்டில் சுவரும் மின்விசிறியும் தவிர ஒன்றும் இல்லை. கூட வேலை செய்கிறவர்கள் எல்லாவற்றையும் தாவ்பாவ், ஷாப்பி, ஷீன் என்று ஆர்டர் போட்டுவிடச் சொல்கிறார்கள். விலையைப் பார்த்தால் உங்களுக்கு நம்பிக்கை வரவில்லை.

வாங்கலாம். எல்லாவற்றையும் அல்ல, அவ்வளவுதான். என் வீட்டுத் திரைச்சீலை, துணிக்கொடிக் கிளிப்பு, அலமாரிக்குள் வைக்கும் டப்பாக்கள், போன் உறை எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். உங்கள் சந்தேகமும் நியாயமானது. ஷீன், அலிஎக்ஸ்பிரஸ் இரண்டையும் 2020-இல் இந்தியாவில் தடை செய்துவிட்டதால் நம்மில் பலருக்கு இவை இங்கே வந்துதான் பழக்கம். விலை குறைவதில் மர்மம் ஒன்றும் இல்லை. சீனாவில் தயாரிக்கிற இடத்திலிருந்தோ அதை ஒட்டிய கிடங்கிலிருந்தோ நேராக உங்கள் கதவுக்கு வருகிறது. நடுவில் கடை வாடகை இல்லை, விற்பனையாளர் சம்பளம் இல்லை. பல சமயம் சோதித்துப் பார்க்க ஆளும் இல்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது இந்தக் கடைசி விஷயத்தைத்தான்.

முதலில் மின்சாரச் சாமான். கெட்டில், ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி, மேசை விசிறி, பிளக் அடாப்டர், எக்ஸ்டென்ஷன் வயர் போன்ற 33 வகைப் பொருள்களைச் சிங்கப்பூரில் விற்க வேண்டுமென்றால் சேஃப்டி மார்க் முத்திரை வேண்டும். இதற்கான அரசு அமைப்பிடம் பதிவு செய்தால்தான் அந்த முத்திரை கிடைக்கும், கூடவே பதிவு எண்ணும் இருக்கும். வெளிநாட்டு விற்பனையாளர் நேரடியாக அனுப்பும் பெட்டியில் பெரும்பாலும் இதைத் தேடினாலும் கிடைக்காது. இங்கே சுவரில் இருப்பது மூன்று தட்டைக் கம்பி கொண்ட பிரிட்டிஷ் பிளக். அந்தப் பிளக்குக்குள்ளேயே ஒரு ஃப்யூஸ் உண்டு. சீனப் பிளக்கில் அது கிடையாது. "அடாப்டர் இலவசம்" என்று கூடவே ஒன்றைப் போட்டு அனுப்புவார்கள். அதை இரவெல்லாம் சுவரில் செருகிவைத்து அதில் ரைஸ் குக்கரை ஓட்டுவதை நினைத்தால் எனக்கே தூக்கம் வராது. பேட்டரி போட்ட சாமானும் அப்படித்தான். பேர் தெரியாத பவர் பேங்க், மின்ஸ்கூட்டர் பேட்டரி எதுவும் வேண்டாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் மின்ஸ்கூட்டர் பேட்டரி சார்ஜ் ஏறும்போது தீப்பிடித்த செய்திகளை நீங்களே படிப்பீர்கள்.

மிக்சிக்கு இந்த ஆப் பக்கமே போக வேண்டாம். இட்லி மாவு அரைக்கிற, நம் ஊர் மிக்சி லிட்டில் இந்தியாவின் தேக்கா கடைகளில் இருக்கிறது, முஸ்தபா பேரங்காடியிலும் இருக்கிறது. இங்கத்திய பிளக்கோடு தருவார்கள், கெட்டுப்போனால் கொண்டுபோய் நிற்க ஒரு கடையும் இருக்கும். இங்கே வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், விற்கும்போதே அது இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று கடைக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். கடல் தாண்டி இருக்கிற விற்பனையாளரிடம் போய் இந்தச் சட்டத்தைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பு எமோஜி ஒன்று வரும்.

அடுத்தது மகள். ஒன்றரை வயதில் எதைக் கொடுத்தாலும் முதலில் வாய்க்குத்தான் போகும். 2024-இல் தென் கொரியாவின் சியோல் நகர நிர்வாகம் இப்படிப்பட்ட மலிவுத் தளங்களில் குழந்தைப் பொருள்களை வாங்கிச் சோதித்தது. பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் தாலேட் என்ற வேதிப்பொருள் சில பொருள்களில் அனுமதித்த அளவைவிடப் பல மடங்கு இருந்தது. இன்னொன்று, மின்னுகிற, பாடுகிற பொம்மைகளில் இருக்கும் பொத்தான் பேட்டரி. மூடி திருகாணி இல்லாமல் கையாலேயே கழன்றால் அந்தப் பொம்மையை வீட்டுக்குள் விடாதீர்கள். குழந்தை அந்தப் பேட்டரியை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துபோகும். பொம்மை, பால் புட்டி, சாப்பாட்டுத் தட்டு எல்லாம் இங்கே கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். நாலைந்து வெள்ளி கூடப் போகும், போகட்டும். முகம் வெளுக்கும் கிரீம், இளைக்கிற தேநீர் வகையறாவும் வேண்டவே வேண்டாம். பாதரசமும் தடை செய்த மருந்தும் கலந்திருப்பதாகச் சுகாதார அறிவியல் ஆணையம் திரும்பத் திரும்ப எச்சரித்துக்கொண்டே இருக்கிறது.

மேசை, நாற்காலி, அலமாரி? தாவ்பாவில் விலை மயக்கும். ஆனால் அனுப்பும் செலவை எடையை மட்டும் வைத்துப் போடுவதில்லை, பெட்டி அடைக்கிற இடத்தையும் கணக்கிடுவார்கள். கடைசிப் பக்கம் வரை போய் மொத்தத் தொகையைப் பாருங்கள். 2023-இலிருந்து 400 வெள்ளிக்கு உட்பட்ட வெளிநாட்டுப் பொருளுக்கும் ஜிஎஸ்டி உண்டு, இப்போது அது 9 விழுக்காடு. பெரிய தளங்கள் பணம் கட்டும்போதே அதைச் சேர்த்து வாங்கிவிடும். அதனால் பிறகு ஒரு குறுஞ்செய்தி வந்து, "பார்சல் நிற்கிறது, ஒன்றரை வெள்ளி வரி கட்ட இந்த லிங்க்கைத் தட்டுங்கள்" என்றால் தட்ட வேண்டாம். அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்தில் "லைக்லி ஸ்கேம்" (மோசடியாக இருக்கலாம்) என்று வந்தால் மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குழப்பமாக இருந்தால் மோசடித் தடுப்பு உதவி எண்ணான 1799-க்கு அழைத்துக் கேளுங்கள்.

மரச்சாமானுக்கு என் ஓட்டு, பழைய சாமான் கைமாறும் கரோசல் ஆப்புக்குத்தான். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்புகிறவர்கள் நல்ல மேசையைப் பாதி விலைக்கும் கீழே தள்ளிவிடுவார்கள். நேரில் போய், ஆட்டிப் பார்த்து, அங்கேயே பேநவ்வில் (போனிலேயே வங்கிப் பணம் அனுப்பும் வசதி) கொடுங்கள். முன்பணம் கேட்டால் விட்டுவிடுங்கள். ஃபேஸ்புக் மார்க்கெட்ப்ளேஸில் இன்னும் உஷார் வேண்டும். உள்துறை அமைச்சு 2024-இல் தந்த பாதுகாப்பு மதிப்பீட்டில் அது கடைசி இடத்தில் இருந்தது.

அப்புறம் ஆப்பில் வாங்கும் முறை. பேச்சை வாட்ஸ்அப்புக்கு மாற்றி, "நேரடியாகப் பணம் அனுப்பினால் தள்ளுபடி" என்பவரோடு பேச்சே வேண்டாம். ஷாப்பி போன்ற தளம் உங்கள் பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, நீங்கள் "கிடைத்தது" என்று அழுத்திய பிறகோ கெடு முடிந்த பிறகோதான் விற்பனையாளருக்குக் கொடுக்கும். ஆகவே பெட்டியைப் பிரித்து, ஓட்டிப் பார்த்துவிட்டு அழுத்துங்கள். பிரிக்கும்போது போனில் ஒரு வீடியோ எடுத்து வையுங்கள், பணம் திரும்பக் கேட்கும்போது அதுதான் பேசும். முகவரியில் மாடியும் வீட்டு எண்ணும் கட்டாயம். ஆறு இலக்க அஞ்சல் குறியீடு உங்கள் ப்ளாக்கைத்தான் காட்டும், உங்கள் கதவைக் காட்டாது.

இலவச டெலிவரிக்காக இன்னும் மூன்று வெள்ளிக்குத் தேடித் தேடிச் சேர்க்கும் பழக்கம் எல்லோருக்கும் வரும். பாதி வீடுகளில் பயன்படாத வெங்காயம் வெட்டும் கருவி இருப்பது அதனால்தான். தவணை முறைப் பொத்தானை மட்டும் முதல் வருடம் தொடாதீர்கள்.

தாவ்பாவிலிருந்து கப்பலில் வருவது வாரக்கணக்கில் ஆகலாம், மாதக் கடைசிக்குள் வரும் என்று நம்பியிருக்க வேண்டாம். மெத்தை, ரைஸ் குக்கர், மிக்சி மூன்றையும் இந்த வார இறுதியிலேயே இங்கே வாங்கிவிடுங்கள். ஜன்னலை அளந்து திரைச்சீலைக்கு இன்றே ஆர்டர் போடலாம். டப்பா, கூடை, கொக்கியெல்லாம் அவர்கள் வந்த பிறகு இருவருமாக உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.