பத்து முறை படித்தும் மறக்கிறது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் ஆறாம் வகுப்பு. ஒரு பாடத்தைப் பத்து முறை படிக்கிறாள். உடனே கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறாள். அடுத்த வாரப் பரீட்சையில் பாதி மறந்துவிடுகிறது. விடிகாலை நாலு மணிக்கு எழுப்பிவிட்டேன், வல்லாரைப் பொடியும் கொடுத்தேன். டியூஷனை மாற்றலாமா?

க., உசிலம்பட்டி

அன்புள்ள க.,

வல்லாரையைத் துவையல் அரையுங்கள், ருசியாக இருக்கும். நாலு மணிக்கு எழுப்புவதை இன்றோடு விடுங்கள். படித்தது மனதில் படிவதற்குத் தூக்கம் வேண்டும். இந்த வயதுக்கு ஒன்பது மணி நேரமாவது.

அந்தப் 'பத்து முறை'தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. மூன்றாம் முறையிலேயே வரிகளெல்லாம் தெரிந்த முகமாகிவிடும். தினம் பஸ்ஸில் பார்க்கிற முகம்தான், பேர் கேட்டால் வராது. ரோடிகர், கார்பிக்கி என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், நான்கு சுற்றும் படித்த கல்லூரி மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 83 சதவீதம் எழுதினார்கள். ஒரு சுற்று படித்து, மூன்று சுற்று பார்க்காமல் எழுதிப் பழகியவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது முன்னவர்கள் 40, பின்னவர்கள் 61. மகள் ஒப்பிக்கும்போது நீங்கள் பூரித்துப் போவது அந்த ஐந்தாவது நிமிடத்தைப் பார்த்து.

உசிலம்பட்டிப் பக்கம் காதணி விழாப் பத்திரிகைக்கா பஞ்சம்? அச்சில்லாத அட்டைகளை நாலாக வெட்டுங்கள். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். ஓர் அட்டைக்கு ஒரே கேள்வி. ஐந்து பதிலை அடைத்தால் மூன்றைச் சொல்லிவிட்டு 'தெரியும்' என்பாள். 'வைகை எங்கே பிறக்கிறது?' என்பது ஒன்று. 'மேற்கே ஓடும் பெரியாற்றுத் தண்ணீர் வைகைக்கு எப்படி வந்தது?' என்பது வேறொன்று. 'பெரியாறு அணை, 1895' என்று மட்டும் எழுதி வைத்தால் ஆண்டு நிற்கும். மலையைக் குடைந்து தண்ணீரைக் கிழக்கே திருப்பிய கதை நிற்காது.

கேட்டுவிட்டுப் பத்து விநாடி வாயை மூடிக்கொண்டிருங்கள். வைகை பிறக்கும் வருசநாட்டுக்கு 'வரு...' என்று நீங்கள் எடுத்துக் கொடுத்தால் தேடியது நீங்கள், அவள் இல்லை. வாய்விட்டுச் சொன்ன பிறகே அட்டையைத் திருப்ப வேண்டும். மூன்று மிட்டாய் டப்பா போதும்: முதலாவது தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த டப்பாவுக்கு ஏறும். தவறினால், பதிலைப் பார்த்து ஒருமுறை சொல்லிவிட்டு முதல் டப்பாவுக்கே திரும்பும். நாளுக்கு ஆறு புது அட்டை, மொத்தம் பதினைந்து நிமிடம்.

வாய்ப்பாட்டுக்கும் இதுவே. ராகம் போட்டுச் சொல்கிற பிள்ளையிடம் ஏழெட்டு எவ்வளவு என்றால் ஓரேழு ஏழிலிருந்து கிளம்பும். ஆறு, ஏழு, எட்டு மூன்றையும் கலைத்துப் போட்டுக் கேளுங்கள்.

புரியாத பாடத்துக்கு அட்டை எழுதாதீர்கள். முதலில் அவள் சொந்த வார்த்தையில் உங்களுக்கு விளக்கட்டும். இன்னொன்று, தவறினால் முறைக்கிற வேலை வேண்டாம் அம்மா. முறைத்தால் திருட்டுத்தனமாகப் பின்பக்கம் பார்க்கப் பழகுவாள். மூன்றாம் டப்பா நிறையும், தலை காலியாகவே இருக்கும்.

டியூஷனா? அங்கேயும் பத்து முறைதான் படிக்கவிடுவார்கள் என்றால் எங்கே அனுப்பினாலும் ஒன்றுதான்.

முதல் வாரம் 'எனக்கு ஒன்றுமே வரவில்லை' என்று அழுவாள். அந்த வாரம் மட்டும் புது அட்டை எழுதாமல், இருப்பதையே திரும்பக் கேளுங்கள்.