சேலம் மேக்னசைட்: ஒதுக்குப்பாறையை எந்தக் கணக்கில் எழுதுவது?

சேலம் மேக்னசைட்டுக்குப் பொருள் ஓட்டக் கணக்கு (எவ்வளவு பொருள் எடுக்கிறோம்னு எடையில் எழுதுற கணக்கு) போடும்போது ஒதுக்குப்பாறையை எங்கே எழுதுறது, மேக்னசைட் எடைக்கான இரண்டு அட்டவணை ஏன் ஒத்துப்போகலைன்னு கேட்டிருந்தீங்க. டியூனைட் ஒதுக்குப்பாறையை, அதாவது மேக்னசைட்டைப் பிரிச்ச பிறகு ஒதுக்கிப் போடுற பாறையை, உள்நாட்டு எடுப்புக் கணக்கில் (நாட்டுக்குள்ள எடுத்துப் பயன்படுத்துற பொருளோட கணக்கு) சேர்க்காதீங்க. அது பயன்படாத எடுப்பு; அதையும் சேர்த்துப் பார்க்கிற மொத்தப் பொருள் தேவைக் கணக்கில்தான் வரும். அங்கே கட்டாயம் எழுதுங்க. சேலத்துல செட்டிச்சாவடிப் பக்கம் வெள்ளைக்கல் (மேக்னசைட்) பாறைக்குள்ள நரம்பு நரம்பாத்தான் ஓடுது. கல்லைப் பிரிச்ச பிறகு மலையாக் குவியுதே, அதுதான் கணக்கில் மறைஞ்சுபோற சுமை.

உங்க இரண்டு அட்டவணையும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி வித்தியாசப்படுதுன்னா, ஒண்ணுல பச்சைக்கல் (சுடாத மேக்னசைட்) எடையும் இன்னொண்ணுல சுட்டகல் (சூளையில் சுட்ட மேக்னசைட்) எடையும் இருக்கலாம். சூளையில் கரியமிலவாயு வெளியேறிடும், 2.09 டன் தூய மேக்னசைட்டைச் சுட்டா 1 டன் மக்னீசியாதான் மிஞ்சும். சுட்டகல் எடையை 2.09-ஆல் பெருக்கிப் பாருங்க. சிலிக்கா கலந்த கல்லுன்னா பெருக்கும் எண் கொஞ்சம் குறையும்.

ஒண்ணு கவனிங்க: டியூனைட்டை உருக்காலைக்கு இளக்கியா (உருக்கும்போது கசடை இளக வைக்கிற பொருளா) வித்திருந்தா, அந்த அளவு மட்டும் பயன்பட்ட எடுப்பு. அதை ஒதுக்குப்பாறையில் கழிக்கலைன்னா இருமுறை எண்ணின மாதிரி ஆயிடும்.