அவர் ஓட்டிய வண்டியை என்ன செய்வது?

கேள்வி: எங்கள் பைக் குழு நண்பர் விபத்தில் இறந்துவிட்டார். நொறுங்கிய வண்டியை நாங்களே சரிசெய்து குடும்பத்திடம் கொடுக்க நினைக்கிறோம். சரியா?

பதில்: மனசு சரி, நேரம்தான் தப்பு. போலீஸும் காப்பீட்டு ஆய்வாளரும் பார்த்து முடிக்கும்வரை வண்டியைக் கழுவக்கூட வேண்டாம். வளைந்த ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கம்பிகள்), டயரின் தேய்மானம், பிரேக் லிவர் உடைந்த விதம் எல்லாமே சாட்சி. ஹெல்மெட்டையும் ஜாக்கெட்டையும் துவைக்காமல் நிழலில் உலர்த்திக் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். ஹெல்மெட் கேமரா இருந்தால், 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று ஆன் செய்துவிடாதீர்கள். சில கேமராக்கள் கார்டு நிறைந்ததும் பழையதை அழித்துக்கொண்டே பதியும். கார்டை விசாரணை அதிகாரியிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

அவருடைய செல்போன் எண்ணையும் உடனே ரத்து செய்யவிடாதீர்கள். எங்கே கடன், எந்தக் காப்பீட்டுக்குத் தவணை என்று வீட்டாருக்கே தெரியாத விவரம் அதில் வரும் குறுஞ்செய்தியில்தான் இருக்கும்.

இன்னொன்று. 'என்ன உதவி வேண்டும்?' என்று கேட்டால் 'ஒன்றும் வேண்டாம்' என்றுதான் சொல்வார்கள். 'செவ்வாய்க்கிழமை பிள்ளைகளை நான் பள்ளியில் விடுகிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். மூன்றாம் மாதமும் அதே செவ்வாய்க்கிழமை போய் நில்லுங்கள். முதல் வாரத்தில் வீடு நிறைய ஆள் இருப்பார்கள். அப்புறம்தான் யாரும் இருக்கமாட்டார்கள்.

கேள்வி: நண்பரின் வண்டியில் போனபோது என் கணவர் இறந்தார். அவருடைய சொந்த வண்டி வீட்டில் நிற்கிறது. விற்கச் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை.

பதில்: விற்க வேண்டாம், நிற்கட்டும். ஆனால் சும்மா நின்றால் கெட்டுவிடும். டபுள் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பேட்டரியைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ் வயர், பிறகு பாசிட்டிவ். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் வண்டியின் இரும்புச் சட்டத்தில் பட்டுப் பொறி பறக்கும். மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள். டேங்க் இரும்பானால் பெட்ரோலை நிரப்பி மூடுங்கள், காலி டேங்க்கின் உள்சுவர் துருப்பிடிக்கும். கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) உள்ள வண்டியானால் அதன் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை மெக்கானிக்கை வைத்து வடித்துவிடுங்கள். பிசினாகி ஜெட்டை, அதாவது பெட்ரோல் போகும் சிறு துளையை, அடைப்பது அதுதான். இரண்டு சாவிகளும் சர்வீஸ் புத்தகமும் ஒரே உறையில் இருக்கட்டும். காப்பீடும் உரிமையும் உங்கள் பெயருக்கு மாறும்வரை, மகனே கேட்டாலும் சாவி கொடுக்காதீர்கள்.

கேள்வி: பின்னால் வந்து விபத்தை நேரில் பார்த்த நண்பன் தூங்குவதே இல்லை. குழுவாக உட்காரவைத்து நடந்ததைச் சொல்லவைக்கலாமா?

பதில்: வேண்டாம். அப்படிக் கட்டாயமாகச் சொல்லவைப்பதை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை. அவராகப் பேசினால் கேளுங்கள். முதல் சில வாரங்கள் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருவது இயல்பு. ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. தூக்கம் சீராகும்வரை நீண்ட பயணமும் வேண்டாம், நினைவுப் பயணமானாலும் சரி. அந்தப் பயணத்தில் இறந்தவரின் வீட்டு வாசலில் என்ஜினை முறுக்கி உறுமவிடும் எண்ணம் இருந்தால், முதலில் அவர் மனைவியிடம் கேட்டுவிடுங்கள்.