தைவானில் பேசப்படுவது சீன மொழி மட்டும்தானா? அந்தத் தீவுக்கும் மலாய் மொழிக்கும் உறவு உண்டு என்கிறார்களே, எப்படி?

மட்டும் இல்லை. சீனக் குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பெரிய மொழிகள் அங்கே உண்டு: மாண்டரின், ஹொக்கியன் வழிவந்த தைகி, ஹக்கா. இவற்றோடு எந்த ரத்த உறவும் இல்லாத ஆஸ்திரோனேசிய மொழிகளும் அங்கே பேசப்படுகின்றன. மலாய், பிலிப்பைன்ஸின் தகலோக், மடகாஸ்கரின் மலகாசி, ஹவாய் மொழி எல்லாம் இந்தக் குடும்பம்தான். மலாய் தைவானுக்குப் போய்ச் சேரவில்லை. மலாய்க்கும் தகலோகுக்கும் மூதாதையான மொழி தைவானிலிருந்து தெற்கே கடலில் இறங்கியது என்பதுதான் இன்று பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கும் முடிவு.

மலேசியா, சிங்கப்பூர் வாசகர்களுக்கு இது காதிலேயே விளங்கும். மலாயில் ஐந்து 'லிமா', கண் 'மாத்தா'. கிழக்குத் தைவானின் அமிஸ் மொழியிலும் ஐந்து 'லிமா', கண் 'மாத்தா'. ஆனால் ஒலி ஒத்துப்போவது மட்டும் சான்றாகிவிடாது. ஒழுங்காக, சொல்லுக்குச் சொல் திரும்பத் திரும்ப வரும் ஒலிமாற்றம்தான் சான்று.

தெற்குத் தைவானின் பைவான் மொழியில் கண் 'மட்ஸா', மூன்று 'த்யெலு'. இரண்டிலும் வரும் மெய்கள் வேறு வேறு. தகலோகில் கண் 'மாத்தா', மூன்று 'தத்லோ'. இரண்டுக்கும் ஒரே தகரம். நம்மில் பலர் பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றாகிவிட்டதை நினைத்துப் பாருங்கள். 'அரை', 'அறை' இரண்டையும் ஒரே மாதிரி சொல்லும் ஒருவர், எழுத்தைப் பார்க்காமல் எந்தச் சொல்லில் எந்த எழுத்து இருந்தது என்று மீட்டெடுக்க முடியாது. அதுபோல, தகலோகில் ஒன்றாகிப்போன ஒலி பைவானில் சரியான சொற்களில் மட்டும் பார்த்துப் பார்த்து இரண்டாகப் பிரிந்திருக்க வழியில்லை. பழைய வேறுபாடு பைவானில் காக்கப்பட்டிருக்கிறது, தெற்கே போன கிளையில் அது அழிந்துவிட்டது. இப்படிப் பல மாற்றங்களைச் சேர்த்துப் பார்த்துத்தான் மொழியியலாளர் ராபர்ட் பிளஸ்ட் 1999-இல் இந்தக் குடும்பத்தை 10 முதன்மைக் கிளைகளாகப் பிரித்தார். அவற்றில் 9 தைவானில் மட்டும் உள்ளவை. மடகாஸ்கரிலிருந்து ஈஸ்டர் தீவு வரை பரவிக் கிடக்கும் மற்றதெல்லாம் மீதமுள்ள ஒரே கிளை. கிளைகள் எத்தனை என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு உண்டு. பன்மை செறிந்திருப்பது தைவானில்தான் என்பதில் பெரிய சண்டை இல்லை.

இனி சீனப் பக்கம். தைகி, 17-ஆம் நூற்றாண்டு முதல் ஃபூஜியன் மாநிலத்தின் சுவான்சோ, ஜாங்சோ பகுதிகளிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்தது. ஹக்கா பேசுவோர் தாவ்யுவான், ஷின்ச்சு, மியாவ்லி பக்கம் அதிகம். தெற்கே பிங்துங்கிலும் உண்டு. மாண்டரின் 1945-க்குப் பிறகு அரசோடும் பள்ளியோடும் பரவியது. இவற்றை ஒரே மொழியின் வட்டார வழக்குகள் என்று நினைப்பதுதான் வெளியே இருப்பவர்கள் செய்யும் முதல் தவறு. 'நான்' என்பது மாண்டரினில் 'வோ', தைகியில் 'குவா', ஹக்காவில் 'ங்ஙாய்'. படிக்காமல் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. பேச்சு மலாயில் கேட்கும் 'குவா', 'லு' இரண்டும் இதே ஹொக்கியனிலிருந்து போனவை.

இரு குடும்பங்களின் இலக்கணமும் எதிரெதிர்த் துருவம். சீன மொழிகளில் சொல் உருமாறாது, சுரம் (அசையைச் சொல்லும் குரலின் ஏற்ற இறக்கம்) மாறினால் பொருள் மாறும். தைவானின் ஆஸ்திரோனேசிய மொழிகளில் சுரம் இல்லை, சொல் உருமாறும். அமிஸ் மொழியில் 'நான் சோறு சாப்பிடுகிறேன்' என்பது 'கொமாஎன் காகொ தொ ஹெமாய்'. வினை முதலில் வருகிறது. 'காஎன்' என்ற வேரைப் பிளந்து உள்ளே 'ஒம்' நுழைந்து 'கொமாஎன்' ஆகிறது. நமக்கு விகுதி கடைசியில் ஒட்டித்தான் பழக்கம். தகலோகில் 'காஇன்' 'குமாஇன்' ஆவதும் இதே கருவிதான்.

தீவின் மொழிக் கலப்பைக் கண்ணெதிரே பார்க்க வேண்டுமானால் ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். சீன எழுத்தின் பொருளை நம்பாதீர்கள், ஒலியைப் பிடியுங்கள். பெயரை முதலில் தைகி ஒலிப்பில் சொல்லிப் பாருங்கள். பிறகு 1920-இல், அப்போது தீவை ஆண்ட ஜப்பானியர் அதை மாற்றினார்களா என்று பாருங்கள். தைப்பேயின் பழைய துறைமுகப் பகுதி வான்ஹுவா. அந்த எழுத்துகளுக்குப் பொருள் தேடினால் 'பத்தாயிரம் மலர்ச்சி' என்று ஏதோ கிடைக்கும். உண்மையில் அது வடக்குச் சமவெளிப் பழங்குடி மொழியில் தோணியைக் குறித்த சொல். ஹொக்கியன் பேசியவர்கள் அதை 'பங்கா' என்றார்கள். ஜப்பானியர் 'மங்கா' என்று ஒலிக்கும் வேறு இரண்டு எழுத்துகளை இட்டார்கள். அதே எழுத்துகளை மாண்டரினில் படித்ததும் 'வான்ஹுவா' ஆகிவிட்டது. தகலோகில் தோணிக்கு இன்றும் 'பங்கா'தான். (நமக்குச் சங்க இலக்கியத்தில் கப்பலைக் குறிக்கும் 'வங்கம்' நினைவுக்கு வரும். மேலே சொன்ன விதி இங்கேயும் பொருந்தும்: ஒரு சொல்லின் ஒலி மட்டும் போதாது.) தெற்குத் துறைமுகமான காவ்ஷியுங்குக்கும் இதே கதைதான். பழைய 'தாகாவ்' என்ற பெயரை எழுதப் பயன்பட்ட சீன எழுத்துகளின் பொருள் 'நாயை அடி'. ஜப்பானியர் அதை 'தகாவோ' என்று ஒலிக்கும் கௌரவமான எழுத்துகளாக மாற்றினார்கள். இன்றைய ஒலிப்பு அவற்றின் மாண்டரின் வாசிப்பு.

1895 முதல் 1945 வரை நீண்ட ஜப்பானிய ஆட்சியும் தன் பங்கை விட்டுப்போனது. தைகியில் ரொட்டி 'பாங்': போர்ச்சுகீசியச் சொல் ஜப்பானிய 'பான்' வழியாக வந்தது. இலங்கைத் தமிழின் 'பாண்' அதே போர்ச்சுகீசியச் சொல்லின் இன்னொரு வழி. யிலான் மாவட்டத்தின் சில அதயால் பழங்குடிக் கிராமங்களில் ஜப்பானியமும் அதயாலும் கலந்து தனி மொழியே பிறந்துவிட்டது.

இந்தப் பழைய மொழிகளின் தொடர்ச்சி எங்கே முறிகிறது என்றால், எழுத்திலும் பள்ளியிலும். மாண்டரின் அசை உயிரிலோ, ன், ங் போன்ற ஒலியிலோதான் முடியும். 'கோலாஸ்' என்ற அமிஸ் பெயரைச் சீன எழுத்தில் எழுதினால் 'கு-லா-ஸு' என்று மூன்று அசையாகிவிடும். 1995 முதல் பழங்குடியினர் தங்கள் மரபுப் பெயரைப் பதிவு செய்ய முடிந்தாலும், சீன எழுத்தைத் தவிர்த்து ரோமன் எழுத்தில் மட்டுமே பதிய 2024-இல்தான் சட்டம் இடம் கொடுத்தது. ஒருவர் தன் பெயரைத் தானே சரியாக எழுதிக்கொள்ள இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளைகளின் கழுத்தில் தண்டனையாகப் பலகை மாட்டிய காலம், 1987-இல் ராணுவச் சட்டம் நீங்கிய பிறகு மெல்ல முடிந்தது. 2019 முதல் நடப்பிலுள்ள தேசிய மொழிகள் வளர்ச்சிச் சட்டம் எல்லாத் தாய்மொழிகளையும் தேசிய மொழிகள் என்கிறது. ஆனால் தொடக்கப்பள்ளியில் கிடைப்பது வாரத்துக்கு ஒரே பாடவேளை. அங்கீகாரம் பெற்ற பழங்குடி இனங்கள் 16, அவர்களின் மொழிகளில் கிளைமொழிகள் 42. நகரத்து வகுப்பில் நான்கு பிள்ளைகளுக்கு நான்கு மொழி ஆசிரியர் தேவைப்படும். அதனால் பல இடங்களில் இணையவழி நேரலை வகுப்புதான். வாரம் ஒரு பாடவேளையில் எந்த மொழியும் வீட்டு மொழியாகாது. 2020 கணக்கெடுப்பில் முதன்மையாகப் பேசும் மொழி மாண்டரின் என்றவர்கள் சுமார் 66 விழுக்காடு, தைகி என்றவர்கள் சுமார் 32. ஹக்கா 2-ஐக்கூடத் தொடவில்லை, பழங்குடி மொழிகள் அனைத்தும் சேர்ந்தும் 1-க்கு வெகு கீழே.

கற்க ஆசை இருந்தால், 42 கிளைமொழிகளுக்கும் பாடமும் ஒலிப்பதிவும் 'க்லோகா' இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. விளக்கங்கள் மாண்டரினில்தான் இருக்கும். மலாய் தெரிந்தவர்கள் லான்யு தீவின் தாவ் மொழியில் தொடங்கலாம். தைவானில் பேசப்பட்டாலும் அது பிலிப்பைன்ஸின் பத்தானேஸ் தீவு மொழிகளுக்கு நெருங்கிய உறவு, மேலே சொன்ன, தைவானுக்கு வெளியே பரவிய அந்தப் பத்தாவது கிளையைச் சேர்ந்தது. எண்களைக் கேளுங்கள்: இரண்டு, நான்கு, ஐந்து, ஆறு தாவ் மொழியில் டொவா, அப்பாத், லிமா, அனெம், மலாயில் டுவா, எம்பாத், லிமா, எனாம்.