குழாயில் படிந்த உப்புக்கறை: வினிகரும் சமையல் சோடாவும் கலந்து தேய்த்தும் ஏன் போகவில்லை?

இரண்டையும் கலந்ததுதான் காரணம். போர் தண்ணீர் காய்ந்ததும் குழாயில் படியும் வெள்ளைக் கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதை அமிலம்தான் கரைக்கும். சோடா சேர்ந்தால் வினிகரின் அமிலம் அங்கேயே செத்துவிடும். பொங்கி வரும் நுரை வெறும் கரியமில வாயு.

வெள்ளை வினிகரைத் தண்ணீர் கலக்காமல் பழைய பருத்தித் துணியில் நனைத்துக் குழாயைச் சுற்றுங்கள். மேலே பிளாஸ்டிக் கவர் போட்டு ரப்பர் பேண்டால் கட்டுங்கள். சும்மா ஊற்றினால் வழிந்தோடிவிடும். கறை ஊற நேரம் வேண்டும். அரை மணி நேரம் கழித்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். போகாவிட்டால் மறுபடி அரை மணி நேரம். இரவு முழுக்க விடாதீர்கள், குரோம் பூச்சு மங்கும். கம்பி நாரும் வேண்டாம். கீறலில் கறை இன்னும் வேகமாகப் பிடிக்கும்.

மின்கெண்டியில் (எலக்ட்ரிக் கெட்டில்) படியும் இதே கறைக்கு எலுமிச்சை உப்புதான் (சிட்ரிக் அமிலத் தூள்) நல்லது, வாடை தங்காது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி போட்டுக் கொதிக்கவிட்டு, அணைத்து, 20 நிமிடம் கழித்துக் கொட்டுங்கள். பிறகு வெறும் தண்ணீரை இரண்டு முறை கொதிக்கவைத்துக் கொட்டினால் போதும்.

மார்பிள், மொசைக், கடப்பாக்கல் மீது அமிலம் படக்கூடாது. அந்தக் கல்லும் சுண்ணாம்பு வகைதான், அரித்துவிடும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் வினிகர் ஊற்றவே ஊற்றாதீர்கள்: குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.