இயேசு நம்மை விலை கொடுத்து மீட்டார் என்கிறார்களே, அந்த விலையை வாங்கிக்கொண்டது யார்?

சண்டே ஸ்கூலில் இதைக் கேட்டால் பெரும்பாலும் "ஜெபம் பண்ணுப்பா, புரியும்" என்றுதான் பதில் வரும். ஆனால் ஆதிச்சபைப் பிதாக்களே, அதாவது கிறிஸ்தவத்தின் முதல் சில நூற்றாண்டுகளின் பெரிய போதகர்களே, இதில் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள்தான்.

"அநேகரை மீட்கும்பொருளாக" உயிரைக் கொடுக்க வந்தேன் என்று மாற்கு 10:45-இல் இயேசு சொல்கிறார். போர்க்கைதிகளையும் அடிமைகளையும் பணம் கொடுத்து விடுவிப்பது அன்று சாதாரண நடப்பு. விலை பிசாசுக்குத்தான் போனது என்று 3ஆம் நூற்றாண்டில் ஓரிகன் எழுதினார். அடுத்த நூற்றாண்டில் நிசாவின் கிரகோரி அதற்கும் மேலே போனார்: இயேசுவின் மனித உடல் இரை, உள்ளே மறைந்திருந்த தெய்வத்துவம் தூண்டில் முள், பிசாசு இரையென்று விழுங்கி மாட்டிக்கொண்டான். அப்படியானால் கடவுள் ஏமாற்றினாரா? ஆமாம், ஏமாற்றுக்காரனுக்கு அது தகும் என்று அவரே நியாயமும் சொல்கிறார்! அவருடைய நண்பர் நசியான்சின் கிரகோரிக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. கொள்ளைக்காரனுக்கா இவ்வளவு பெரிய விலை? பிதாவுக்கு என்றால், நம்மைப் பிடித்து வைத்திருந்தது அவர் இல்லையே? உங்கள் கேள்வியை 1,600 வருடங்களுக்கு முன்பே கேட்டுவிட்டார் மனிதர். பிறகு 1098 வாக்கில் கேன்டர்பரி பேராயர் அன்செல்ம், பிசாசுக்கு நாம் எதுவும் கடன்படவில்லை, கடவுளுக்குச் செலுத்தவேண்டிய மரியாதையைத்தான் செலுத்தாமல் விட்டோம் என்று கணக்கையே மாற்றி எழுதினார். இன்று பிரசங்கங்களில் கேட்கும் "நம் கடனைத் தீர்த்தார்" என்ற பேச்சில் அவருடைய சாயல் நிறையவே உண்டு.

என்னைக் கேட்டால், அடகுக்கடை ரசீது மாதிரி வரிக்கு வரி வாசிப்பதில்தான் சிக்கல். யாத்திராகமம் 6:6-இல், எகிப்தில் பார்வோனுக்கு அடிமைகளாயிருந்த இஸ்ரவேலரை "ஓங்கிய கையினாலும்" மீட்பேன் என்கிறார் கடவுள். மீட்டார், சரி. பார்வோனுக்கு ஒரு காசு போனதா? அங்கே மீட்பு என்பது விடுதலை, அவ்வளவுதான். இயேசுவின் விஷயத்தில் விலை என்றால் அவருக்கு என்ன செலவானது என்பது. அதைப் பெற்றுக்கொண்டவர் யார் என்பதைப் பற்றி வசனம் வாயே திறக்கவில்லை. அப்போஸ்தலன் பவுல் தன் நிருபங்களில் இந்த ஒரு படத்தோடு நிற்கவும் இல்லை. நீதிமன்றத்தில் விடுதலைத் தீர்ப்பு, பகையாளிகள் ஒப்புரவாவது, பிள்ளையைச் சுவிகாரம் எடுப்பது என்று மாற்றி மாற்றிப் பேசுகிறார்.

மத்தேயு 18-இல் இயேசு சொல்லும் கதையையும் பாருங்கள். ஊழியக்காரன் 10,000 தாலந்து கடன்பட்டிருக்கிறான். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஆக 6 கோடி நாள் கூலி! ராஜா அதை வசூலிக்கவும் இல்லை, வேறு யாரும் வந்து கட்டவும் இல்லை, மனமிரங்கி விட்டுவிடுகிறார். வெளியே வந்தவன், தனக்கு 100 வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடித்து நெரிக்கிறான். அந்த 6 கோடி யார் கணக்கில் போனது என்று கதையில் ஒருவரும் கேட்பதில்லை. ராஜா அவனைத் திரும்பக் கூப்பிட்டு விசாரிப்பது இந்த 100-ஐப் பற்றித்தான்.