விசா கையில் வந்தாயிற்று, இனி எதைக் காப்பாற்ற வேண்டும்? மன்னார்குடித் தம்பிக்கு

தம்பி, நீ கேட்டது நான்கு விஷயம். ஸ்டாம்பிங் முடிந்து அமெரிக்காவில் படிக்க ஐந்து வருஷ எஃப்-1 மாணவர் விசா வந்துவிட்டது, இனி ஐந்து வருஷத்துக்குக் கவலை இல்லைதானே என்பது ஒன்று. கல்விக் கடனுக்கு அப்பா நிலத்தை அடமானம் வைத்திருக்கிறார், சனி ஞாயிறில் ஏதாவது கடையில் நின்று கையில் காசாக வாங்கிக்கொள்ளலாமா என்பது இன்னொன்று. ஒரு செமஸ்டர் முடிந்ததும் ‘முதல் நாளே சி.பி.டி.’, அதாவது சேர்ந்ததுமே வெளியே வேலை பார்க்கும் அனுமதி, தருகிற காலேஜுக்கு மாறிக்கொள் என்று கும்பகோணத்து கன்சல்டன்சிக்காரர் சொல்கிறாராம். கடைசியாக, தை மாதம் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்து போக முடியுமா என்று கேட்டிருக்கிறாய். நான் நீடாமங்கலத்துக்காரி. இங்கே அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் டி.எஸ்.ஓ.வாக, அதாவது மாணவர்களின் விசா விவகாரங்களைக் கவனிக்கும் அதிகாரியாக, இருக்கிறேன். உன் பல்கலைக்கழகம் அனுப்பிய ஐ-20 படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பவரும் என்னைப் போல ஒரு டி.எஸ்.ஓ.தான்.

முதல் கேள்வியை நிதானமாகச் சொல்கிறேன், மற்ற மூன்றுக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா, விமானம் ஏறி வந்து இங்கே எல்லை அதிகாரி முன்னால் நிற்பதற்கான அனுமதி, அவ்வளவுதான். உள்ளே வந்த பிறகு உனக்கு இருப்பது ஸ்டேட்டஸ், மாணவராகச் சட்டப்படி தங்கியிருக்கும் தகுதி. அது செவிஸ் என்கிற அரசுப் பதிவில் இருக்கிறது, உன் ஐ-20 அந்தப் பதிவிலிருந்து எடுத்த காகிதம். படிக்கும்போதே விசா தேதி முடிந்துபோனாலும் ஐ-20 செல்லுபடியாக இருந்து நீ ஒழுங்காகப் படித்துக்கொண்டிருந்தால் சட்டப்படிதான் இருக்கிறாய், ஊருக்கு வந்து திரும்பும்போதுதான் புது விசா வேண்டும். ஆனால் விசாவில் நான்கு வருஷம் பாக்கி இருக்கும்போதே செவிஸ் பதிவை முடித்துவிட்டார்கள் என்றால் அந்த நான்கு வருஷத்தால் ஒரு பயனும் இல்லை.

ஐ-20யில் போட்டிருக்கும் தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் உள்ளே விடமாட்டார்கள், டிக்கெட் போடும்போதே இதைப் பார். ஒரிஜினல் ஐ-20, அட்மிஷன் கடிதம், வங்கியின் கடன் கடிதம் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் போட்டு லக்கேஜில் அனுப்பிவிடாதே. வந்து இறங்கியதும் இணையத்தில் ஐ-94 என்கிற உன் வருகைப் பதிவை எடுத்துப் பார், எஃப்-1 என்றும் டி/எஸ் என்றும் இருக்க வேண்டும். வேறு எதுவும் இருந்தால் அந்த வாரமே டி.எஸ்.ஓ.விடம் போ, அப்போது திருத்துவது சுலபம். டி/எஸ் என்றால் ஸ்டேட்டஸ் ஒழுங்காக இருக்கும் காலம் முழுவதும் இருக்கலாம் என்று பொருள். இதை எடுத்துவிட்டு அதிகபட்சம் நான்கு வருஷம் என்று தேதி போடும் ஒரு முன்மொழிவை 2025 ஆகஸ்டில் அரசு வெளியிட்டது, ஆகவே நீ வரும் நாளில் எது நடைமுறையில் இருக்கிறது என்று ஓரியண்டேஷனில் கேட்டுக்கொள்.

ஸ்டேட்டஸைக் கெடுத்துக்கொள்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் குற்றம் செய்யும் எண்ணத்தோடு எதையும் செய்தவர்கள் இல்லை. சீனியர் சொன்னான், ரூம்மேட் செய்தான், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், இந்த மூன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். இங்கே அனுமதி என்றால் முன்கூட்டியே வாங்குவது, அப்புறம் வாங்கும் வழி அநேகமாகக் கிடையாது. மாஸ்டர்ஸுக்குப் பெரும்பாலும் ஒரு செமஸ்டருக்கு 9 கிரெடிட் முழுநேரப் படிப்பு, உன் பல்கலைக்கழகக் கணக்கு என்ன என்று கேட்டுக்கொள். அந்தக் கணக்கில் ஒரே ஒரு ஆன்லைன் வகுப்பைத்தான் சேர்க்கலாம். பாடம் கஷ்டமாக இருக்கிறது என்று ஒன்றை டிராப் செய்துவிட்டு ஒரு வாரம் கழித்து என்னிடம் வந்து சொன்னால் என் கை கட்டப்பட்டுவிடும், டிராப் செய்வதற்கு முன்னால் வந்திருந்தால் வழி இருந்திருக்கும். வீடு மாறினால் 10 நாளுக்குள் புது விலாசத்தைத் தெரிவிக்க வேண்டும், நம் பிள்ளைகள் நாலு பேராக வீடு எடுத்து ஆறு மாதத்தில் மாறிக்கொண்டே இருப்பதால் அதிகம் மறப்பது இதைத்தான்.

இந்த இடத்தில் ஒன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் குளிர்காலத்தில் சில பிள்ளைகள் அப்படியே சுருண்டுவிடுகிறார்கள். நாலரை மணிக்கே இருட்டுகிறது, அறையை விட்டு வெளியே வருவதில்லை, தூக்கம் வருவதில்லை, வகுப்புக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். வீட்டுக்குப் போன் பேசும்போது மட்டும் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்பார்கள், அப்பா கடன் வாங்கி அனுப்பியிருக்கிறாரே என்கிற பாரம் அப்படிப் பேச வைக்கிறது. உடம்போ மனசோ சரியில்லை என்று டாக்டர் கடிதம் கொடுத்தால் பாடச்சுமையைக் குறைத்துக்கொள்ள, தேவையானால் ஒரு பாடமும் எடுக்காமல்கூட இருக்க, விதியிலேயே இடம் இருக்கிறது, ஒரு படிப்புக்கு மொத்தம் 12 மாதம் வரை. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே டாக்டரும் கவுன்சிலரும் இருப்பார்கள். அந்தக் கடிதம் வகுப்பை விடுவதற்கு முன்னால் என் மேசைக்கு வர வேண்டும், அவ்வளவுதான். வராமல் போனதால் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு தஞ்சாவூர்ப் பையனை எனக்குத் தெரியும், நன்றாகப் படிக்கிற பிள்ளை. இதில் வெட்கப்பட எதுவுமே இல்லை, தம்பி.

சரி, காசு விஷயம். ஜூன் 12 மேட்டூரில் தண்ணீர் திறப்பார்களா, குறுவை உண்டா, இல்லை சம்பாவை மட்டும்தான் நம்ப வேண்டுமா என்று வருஷா வருஷம் பார்த்துக்கொண்டிருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு மாதம் நூறு டாலராவது அனுப்பத் தோன்றும், அது எனக்குப் புரிகிறது. ஆனால் அனுமதி இல்லாமல் வெளியே வேலை பார்க்கவே பார்க்காதே. பெட்ரோல் பங்க், இந்தியன் ரெஸ்டாரன்ட், சாப்பாடு டெலிவரி, இங்கே உட்கார்ந்துகொண்டு சென்னைக் கம்பெனிக்கு லேப்டாப்பில் செய்துகொடுப்பது, காசு வாங்கிக்கொண்டு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பது எல்லாம் வேலைதான். கையில் காசாக வாங்கினால் பதிவு இருக்காது என்கிறார்கள். கடைக்காரர் கணக்கில் சிக்கினால் உன் பெயரும் அதோடு வரும். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஸ்டேட்டஸ் போன மாணவர் அதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க ‘ரீஇன்ஸ்டேட்மென்ட்’ என்று ஒரு வழி இருக்கிறது, அனுமதியில்லாத வேலை பார்த்தவருக்கு அந்தக் கதவும் கிடையாது. ஊரில் உன் பெயரில் இருக்கும் நிலத்துக்குக் குத்தகைப் பணம் வந்தால் அது வேலை ஆகாது, பயப்படாதே.

கேம்பஸுக்குள் வேலை பார்க்கலாம். லைப்ரரி, சாப்பாட்டுக் கூடம், பேராசிரியரிடம் அசிஸ்டண்ட் என்று கிடைக்கும், வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம், விடுமுறையில் முழுநேரம். இரண்டு இடத்தில் பார்த்தாலும் சேர்த்துத்தான் 20. ஒரு வாரம் 24, அடுத்த வாரம் 16, சராசரி சரிதானே என்று கேட்பார்கள், அப்படிச் சராசரி போட முடியாது. இந்தச் சம்பளம் உன் மளிகைக்கும் போனுக்கும் போதும், கடனை அடைக்காது. கடனை அடைக்கப்போவது படிப்பு முடிந்த பிறகு வரும் ஓ.பி.டி.

ஓ.பி.டி. என்றால் படித்த துறையிலேயே 12 மாதம் வேலை பார்க்கும் அனுமதி, ஸ்டெம் படிப்பாக (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) இருந்தால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம், அதற்கு வேலை தரும் நிறுவனம் ஊழியரின் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் இ-வெரிஃபை என்கிற அரசு முறையில் இருக்க வேண்டும். ஆக மூன்று வருஷம் முழுச் சம்பளம். படிப்பு முடியும் தேதிக்கு 90 நாளுக்கு முன்னாலிருந்து முடிந்த பிறகு 60 நாள் வரை விண்ணப்பிக்கலாம், ஆனால் டி.எஸ்.ஓ. செவிஸில் பரிந்துரை போட்ட 30 நாளுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும், தள்ளிப்போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த 30 நாளில்தான். தொடங்கிய பிறகு வேலை இல்லாமல் மொத்தம் 90 நாள்தான் இருக்கலாம்.

இப்போது அந்த கன்சல்டன்சி யோசனை. சி.பி.டி. என்பது படிப்பின் பகுதியாக வெளியே வேலை பார்க்க அனுமதி, பொதுவாக ஒரு கல்வியாண்டு முடிந்த பிறகுதான். சில மேற்படிப்புகளில் தொடக்கத்திலேயே வேலைப் பயிற்சி கட்டாயம் என்றால் விதிவிலக்கு உண்டு, அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் சில காலேஜ்கள் வியாபாரம் செய்கின்றன. முழுநேர சி.பி.டி. 12 மாதம் பார்த்துவிட்டால் அந்தப் பட்டத்துக்கான ஓ.பி.டி. போய்விடும். பிற்பாடு எச்-1பி என்கிற வேலை விசாவுக்குப் போடும்போது, வகுப்புக்கு எப்போது போனாய், கேம்பஸ் எத்தனை மைல், வேலைக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று தோண்டுவார்கள். கலிஃபோர்னியாவில் ட்ரை-வேலி பல்கலைக்கழகத்தை 2011 ஜனவரியில் சோதனை போட்டு மூடினார்கள், அங்கே பெயர் பதிந்திருந்த இந்திய மாணவர்கள் சிலர் காலில் கண்காணிப்புக் கருவி கட்டப்பட்டு நடந்தார்கள். மிச்சிகனில் ஃபார்மிங்டன் என்ற பல்கலைக்கழகத்தை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே போலியாக அமைத்து நடத்தி, 2019 ஜனவரியில் வெளிப்படுத்தியது. வகுப்பே நடக்காத இடத்துக்குப் பணம் கட்டியிருந்த சுமார் 600 பேரில் பெரும்பாலோர் இந்தியர். ஏஜெண்டுக்கு கமிஷன் கிடைத்தது, நாட்டை விட்டுப் போனது பிள்ளைகள். கிடைத்திருக்கும் நல்ல இடத்திலேயே படித்து முடி.

டி.எஸ்.ஓ. பற்றியும் ஒன்று தெரிந்துகொள். உதவத்தான் இருக்கிறோம், ஆனால் நடந்ததை செவிஸில் பதிய வேண்டிய கடமையும் எங்களுக்கு உண்டு. செய்வதற்கு முன்னால் எதை வேண்டுமானாலும் எங்களிடம் கேள். ஏதாவது தவறாகிவிட்டது என்றால், அல்லது போலீஸ், கோர்ட் என்று வந்துவிட்டால், முதலில் குடிவரவு வழக்கறிஞரைப் பார். குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டாலே விசாவை ரத்து செய்கிறார்கள், அதையும் மனதில் வை.

தங்கச்சி கல்யாணம். டிசம்பர் விடுமுறை முழுக்க நம்மூரில் மார்கழி, முகூர்த்தம் கிடையாது. தை பிறக்கும்போது இங்கே வகுப்பு தொடங்கிவிடும். தையில் வருவதைச் சட்டம் தடுக்கவில்லை, செமஸ்டருக்குப் பதிவு செய்துவிட்டு, பேராசிரியர்களிடம் சொல்லிவிட்டு நாலைந்து நாள் வந்து போகலாம், ஆனால் முதல் வாரங்களை விட்டால் பிடிப்பது சிரமம். சம்பந்தி வீட்டில் இன்னும் தேதி குறிக்கவில்லை என்றால் வைகாசிக்குக் கேட்டுப்பார்க்கச் சொல். மே பாதியில் செமஸ்டர் முடிந்திருக்கும், ஒரு கல்வியாண்டும் ஆகியிருக்கும், நிம்மதியாக ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகலாம். எந்த மாதமானாலும் கிளம்புவதற்கு முன் ஐ-20 இரண்டாம் பக்கத்தில் பயணக் கையெழுத்து வாங்கிக்கொள், படிக்கும் காலத்தில் அது ஒரு வருஷம் செல்லும், ஓ.பி.டி.யில் ஆறு மாதம்தான். செமஸ்டர் கடைசி வாரத்தில் எங்கள் அலுவலகத்தில் வரிசை வாசல் வரை நிற்கும், அதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே போய் வாங்கிவிடு.